காற்றுக் குழாயில் சந்தனம்

காரணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: சந்தனம். இதைப் படிக்கிற யாரும் பரீட்சை எழுதப் போவதில்லை என்பதால் ஒளித்துவைத்து விளையாட வேண்டிய தேவை இல்லை. ஒரு சின்ன விமானத்தின் எஞ்சின் வேகம் பிடித்துப் பிடித்துச் செத்துப்போனதற்கு, அதன் பெட்ரோல் டாங்கிக்குக் காற்று போகிற குழாயில் காய்ந்து கிடந்த சுண்டுவிரல் நுனியளவு சந்தனம்தான் காரணம். அதைக் கண்டுபிடிக்க ஐப்பசியில் பாதி எனக்குப் போய்விட்டது. எஞ்சின் கோளாறை எப்படிக் கண்டுபிடிப்பது என்று பாடம் நடத்துவதுதான் அப்போது என் உத்தியோகம்.

இரண்டாயிரத்து ஐந்து, ஆறு வாக்கில் நடந்தது இது. புதுப்புது விமானக் கம்பெனிகள் கிளம்பிய நேரம். விமானத்தைப் பழுது பார்க்க ஆள் கிடைக்கவில்லை என்று பேப்பரில் அடிக்கடி வரும். நெரவிப் பக்கம் ரைஸ்மில் வைத்திருந்த ஒருவர் அதைப் படித்துவிட்டு, தான் நடத்திவந்த தொழிற்பயிற்சி நிலையத்தில் விமானப் பராமரிப்புக்கென்று ஒரு பிரிவு தொடங்கினார். மோட்டார் மெக்கானிக், டீசல் மெக்கானிக், ஏ.சி. மெக்கானிக் என்று எழுதியிருந்த போர்டில் கடைசியாக விமானமும் சேர்ந்தது. சென்னையில் அந்தப் படிப்பைப் படித்துவிட்டு, சில தாள்களை இரண்டாம் முறை எழுதித் தேறி, வேலை இல்லாமல் ஊரில் உட்கார்ந்திருந்தவன் சுற்றுவட்டாரத்தில் நான் ஒருவன்தான். போட்டியே இல்லாமல் ஜெயித்தேன்.

விமானமும் வந்தது. வடக்கே ஏதோ ஒரு பறக்கும் பயிற்சிக் கழகம் இனி இது பறக்க லாயக்கில்லை என்று தள்ளிவிட்ட இரண்டு பேர் உட்காரும் வண்டி. றெக்கைகளைக் கழற்றி லாரியில் ஏற்றிக் கொண்டுவந்தார்கள். நிலையத்தின் பின்னால், வயலை ஒட்டி ஒரு தகரக் கொட்டகை போட்டு, றெக்கைகளைத் திரும்ப மாட்டி, நிற்கவைத்தோம். அது பறக்காது. சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, நின்ற இடத்திலேயே எஞ்சினை ஓட்டிப் பாடம் நடத்தத்தான். ஆனாலும் எனக்குப் பெண் பார்த்தபோது 'ஏரோப்ளேன் இன்ஜினீயர்' என்றுதான் சொன்னார்கள். நானும் மறுக்கவில்லை.

கல்யாணமான முதல் வாரத்தில் என் மனைவி கேட்டாள்.

"ஏங்க, ஏரோப்ளேன்ல போனா காது அடைக்குமாமே, நெசமாவா?"

"அடைக்கும்னு படிச்சிருக்கேன்."

"படிச்சிருக்கீங்களா?"

அவள் கொம்யூன் பஞ்சாயத்து ஆபீசில் பிறப்பு இறப்புச் சான்றிதழ் கொடுக்கும் பிரிவில் வேலை பார்த்தாள். விவரத்தைத் துருவிக் கேட்டு வாங்குவது அவளுக்குத் தொழில். நான் விமானத்தில் ஏறியதே இல்லை, பறக்கிற விமானம் ஒன்றைக்கூட என் கையால் தொட்டதில்லை என்பதை ஒரே ராத்திரியில் கறந்துவிட்டாள். அதன் பிறகு ஆபீசில் யாராவது வீட்டுக்காரர் என்ன செய்கிறார் என்று கேட்டால், "காது அடைக்காத இன்ஜினீயரு" என்று சொல்லிவந்தாள்.

அந்த வருடம் ஆயுத பூசை வந்தது. தாளாளர் என்று நாங்கள் மரியாதையாகச் சொல்லும் எங்கள் முதலாளி அடிப்படையில் மில்காரர். மில்லில் பூசை என்றால் அரவை எந்திரம், மோட்டார், பெல்ட் சக்கரம், சுவிட்சுப் பெட்டி, தராசு, மூட்டை தைக்கும் கோணி ஊசி வரைக்கும் சந்தனம் குங்குமம் இல்லாமல் ஒன்றும் தப்பாது. அப்படிப்பட்டவர் விமானத்தை விடுவாரா? பெரிய பித்தளைக் கிண்ணத்தில் சந்தனம் குழைத்து அனுப்பிவிட்டார். சக்கரத்துக்கு ஒன்றாக எலுமிச்சம்பழம் வைத்தோம். பூசையன்று எஞ்சினைக் கிளப்பவில்லை என்பதால் பசங்கள் பின்னாலிருந்து தள்ளித்தான் பழம் நசுங்கியது. மூக்குக்கு முன்னால் பூசணிக்காய் உடைத்தோம்.

சந்தனம் எங்கெல்லாம் வைக்கலாம் என்று சொல்ல வேண்டிய நிபுணர் நான். கண்ணாடியில் வைக்காதே, புரொப்பல்லர் விளிம்பில் வைக்காதே, மற்றபடி எங்கும் வைக்கலாம் என்று சின்னதாக ஒரு சொற்பொழிவே ஆற்றினேன். பசங்கள் போட்டிபோட்டு வைத்தார்கள். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு சுற்றி வந்து, "றெக்கைக்கு அடியில விட்டுட்டீங்களே, அங்கயும் வைங்கப்பா" என்றேன். இடது றெக்கைக்கு அடியில் விரல் தடிமனில் ஒரு அலுமினியக் குழாய் கீழே நீட்டிக்கொண்டிருக்கும். பொட்டு வைப்பதற்கென்றே யாரோ செய்துவைத்த மாதிரி இருக்கும். அதற்கும் வைத்தார்கள். லட்சணமாகத்தான் இருந்தது.

அந்தக் குழாய் எதற்கு என்று எனக்குத் தெரியாமல் இல்லை. இரண்டு றெக்கை டாங்கிகளுக்கும் சேர்த்துக் காற்று வழி அது ஒன்றுதான். டாங்கியிலிருந்து பெட்ரோல் இறங்க இறங்க அந்த இடத்துக்குக் காற்று வர வேண்டும். வராவிட்டால் உள்ளே இழுவை பிடித்துக்கொண்டு பெட்ரோல் இறங்காது. எண்ணெய் டின்னில் ஒரு ஓட்டை போட்டுக் கவிழ்த்தால் எண்ணெய் திக்கித் திக்கி வரும், எதிர்ப் பக்கம் இன்னொரு ஓட்டை போட்டால் கொட்டும். அவ்வளவுதான் விஷயம். இதை நான் போர்டில் படம் போட்டே நடத்தியிருக்கிறேன். கலர் சாக்பீசில்.

இன்னொன்றும் செய்திருந்தேன். மழைக்காலம் வருகிறது, டாங்கிக்குள் தண்ணீர் இறங்கிவிடப் போகிறது என்று, பெட்ரோல் ஊற்றும் மூடிகள் இரண்டுக்கும் புதிதாகக் கெட்டி ரப்பர் வெட்டிப் போட்டிருந்தேன். பழைய ரப்பர் வெடித்திருந்தது, அதன் வழியாகவும் கொஞ்சம் காற்று போய்க்கொண்டிருந்தது. அந்த நிலையத்தில் நானாக யோசித்து, நானாகச் செய்த ஒரே பொறியியல் வேலை அதுதான். ஒரு பொட்டுக் காற்று போகாமல் அடைத்தேன். மேல்வழியை நான் அடைத்தேன், கீழ்வழியைச் சரஸ்வதியின் பேரால் அடைத்தோம்.

பூசை விடுமுறை முடிந்து வந்தபோது ஒரு சேதி காத்திருந்தது. எங்கள் பிரிவுக்கு அனுமதி நீட்டிப்பதா வேண்டாமா என்று பார்க்கச் சென்னையிலிருந்து ஆய்வுக்கு ஆள் வருகிறார்கள், எஞ்சினை முழு வேகத்தில் விடாமல் ஓட்டிக் காட்ட வேண்டும். ஒத்திகை பார்த்துவிடுவோம் என்று நான் ஏறி உட்கார்ந்தேன். அழகாகப் பிடித்துக்கொண்டது. மெதுவாக வேகத்தைக் கூட்டினேன். கொட்டகைத் தகரம் அதிர்ந்தது. வேகம் காட்டும் முள் சிவப்புக் கோட்டைத் தொட்டது. வெளியே நின்ற பசங்களைப் பார்த்துக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினேன். காட்டிய விரலை இறக்குவதற்குள் எஞ்சின் இருமியது. முள் தடதடவென்று கீழே வந்தது. இரண்டு தரம் உதறிவிட்டு நின்றுபோனது.

எஞ்சின் சக்தி இழந்தால் முதலில் பெட்ரோலைப் பார் என்பது எல்லாப் புத்தகத்திலும் முதல் வரி. நான் புத்தகத்தை மீறாதவன். ஏணி வைத்து ஏறி மூடியைத் திறந்தேன். 'புஸ்' என்று ஒரு சத்தம் வந்தது. வெயிலுக்கு அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். குச்சி விட்டுப் பார்த்தேன், பெட்ரோல் இருந்தது. மூடிவிட்டு இறங்கி அடுத்த வரிக்குப் போனேன்.

அடுத்த வரி ஸ்பார்க் பிளக். எல்லாவற்றையும் கழற்றி, கரி சுரண்டி, துடைத்து மாட்டி ஓட்டினேன். முழு வேகத்தில் நன்றாக ஓடியது. நானே நிறுத்தி இறங்கினேன். "பிளக்குதாங்க" என்று தாளாளரிடம் போய்ச் சொன்னேன். அவர் சந்தோஷப்பட்டு டீ வரவழைத்தார். மறுநாள் இன்னும் கொஞ்ச நேரம் ஓட்டுவோம் என்று பார்த்தபோது செத்துப்போனது.

இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது, அப்போது வரவில்லை. ஒவ்வொரு தடவை நின்றுபோனதும் நான் ஏறி மூடியைத் திறப்பேன். 'புஸ்' என்று காற்று உள்ளே போகும். அந்தக் காற்று இருக்கிற வரைக்கும் பெட்ரோல் இறங்கும், எஞ்சின் ஓடும். இடையில் நான் என்னத்தைக் கழற்றி மாட்டியிருந்தேனோ அதற்குப் பேர் போய்விடும். இப்படித்தான் காற்று வடிகட்டி குற்றவாளி ஆனது. அதை அலசிக் காயவைத்தேன், ஓடியது, தாளாளரிடம் ஓடினேன், டீ வந்தது, மறுநாள் நின்றது. அப்புறம் மேக்னெட்டோ. பிளக்குக்கு மின்சாரம் தருவது அதுதான். எஞ்சினுக்கு அதில் இரண்டு உண்டு. இரண்டையும் கழற்றி மாட்டினேன். ஓடியது. இந்தத் தடவை தாளாளர் டீ சொல்லவில்லை. "நாளைக்கும் ஓடட்டும் தம்பி, அப்புறம் பாத்துக்கலாம்" என்றார். மனுஷர் என்னைவிடச் சீக்கிரம் விஷயத்தைப் பிடித்துக்கொண்டார்.

பிறகுதான் பனிக்கட்டியைப் பிடித்தேன். இது நிஜமான விஷயம், நான் கட்டிவிட்ட கதை இல்லை. ஈரக் காற்று கார்புரேட்டரின் குறுகலான கழுத்தில் பாயும்போது குளிர்ந்து, அங்கே பனி கட்டி, எஞ்சினின் மூச்சைப் பிடித்துவிடும். வெயில் நாளிலும் நடக்கும். கடலோர ஊர், மழைக்காலம், காற்றில் அவ்வளவு ஈரம். எல்லாம் பொருந்தி வந்தது. அதற்கென்று வெந்நீர்க் குழாய் மாதிரி, சூடான காற்றைத் திருப்பிவிட ஒரு கைப்பிடி உண்டு. நான் அதை இழுத்துக் காட்டி ஒரு மணி நேரம் பாடம் எடுத்தேன்.

தாளாளர் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தவர், "நெரவியில பனிக்கட்டியா தம்பி?" என்றார்.

"உள்ளாற கட்டும்ங்க. வெளிய தெரியாது."

கோட்டுச்சேரிமேட்டிலிருந்து வந்த ஒரு மாணவன், மீன்காரர் வீட்டுப் பிள்ளை, பவ்யமாக எழுந்து கேட்டான். "சார், எங்க வூட்ல மீனுக்குக் காசு குடுத்து ஐஸ் வாங்குறாங்க சார். இதுல சும்மாவே வருமா?"

வகுப்பு சிரித்தது. சூட்டுக் கைப்பிடியை இழுத்துவைத்து ஓட்டியபோதும் எஞ்சின் வழக்கம்போல நின்றது. அன்று முதல் எனக்கு ஐஸ் சார் என்று பேர். நேரில் சொல்லவில்லை, நான் திரும்பியதும் சொன்னார்கள். காது மட்டும் எனக்கு அடைப்பதே இல்லையே.

ஆய்வுக்கு ஆள் வருவதற்கு முதல்நாள் தாளாளர் என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். கோபமே இல்லாமல் பேசினார், அதுதான் பயமாக இருந்தது. "நாளைக்கு அவங்க முன்னாடி நின்னுபோச்சுன்னா இத மூடிட வேண்டியதுதான் தம்பி. பசங்கள டீசல் பிரிவுல சேத்துக்கிறேன். ஒங்களுக்கும் எங்கியாவது அமையும்." எங்கே அமையும் என்று எனக்குத் தெரியும். விழிதியூரில் மாமனாருக்கு உரக்கடை இருந்தது. 'எப்ப வேணா வாங்க மாப்ள' என்று அவர் அன்பாகச் சொல்லிக்கொண்டிருந்தார். யூரியா மூட்டைக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டு, ஒருகாலத்தில் நான் விமானத்தில் இருந்தேன் என்று வருகிறவர்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிற என்னை எனக்கே நன்றாகத் தெரிந்தது. பசங்களை நினைத்தும் வருத்தமாக இருந்தது. விமானம் என்று சொல்லித்தான் அவர்கள் வீட்டில் சேர்த்திருந்தார்கள்.

சாயங்காலம் கடைசியாக ஒருதரம் ஓட்டினேன். நின்றது. மழை பிடித்துக்கொண்டது. விமானத்தின் கதவை அறைந்து சாத்திவிட்டுக் குனியாமல் கொள்ளாமல் றெக்கைக்கு அடியில் விறுவிறுவென்று நடந்தவன், எதிலோ நெற்றியை இடித்துக்கொண்டேன். கண்ணில் பூச்சி பறந்தது. என்னவென்றுகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. விமானமே என்னை அடிக்கிறது, இனி இங்கே என்ன இருக்கிறது என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு நனைந்தபடி வீட்டுக்குப் போனேன்.

மனைவி துண்டை எடுத்து வந்தவள் என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"கோயிலுக்குப் போயிட்டா வாறீங்க?"

"நான் எங்கடி கோயிலுக்குப் போனேன்? இருக்கிற எரிச்சல்ல."

"அப்ப நெத்தியில சந்தனம் ஏது? குங்குமமும் இருக்கு. மழையில கரைஞ்சு மூக்கு வரைக்கும் வந்துருக்கு பாருங்க."

துண்டால் ஒற்றிக் காட்டினாள். துண்டில் மஞ்சளும் சிவப்புமாக ஒட்டியிருந்தது. நடுவில் காய்ந்து கெட்டித்த ஒரு துணுக்கு, குழாயின் வளைவோடு உடைந்து வந்தது. நான் அதைக் கையில் வாங்கிப் பார்த்தேன். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். பிளக், வடிகட்டி, மேக்னெட்டோ, பனிக்கட்டி என்று நான் ஊருக்குச் சொன்னதெல்லாம் வரிசையாக நினைவுக்கு வந்தது. மூடியைத் திறந்தபோதெல்லாம் கேட்ட 'புஸ்' அதற்குப் பிறகு வந்தது.

நடந்ததை அவளிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டே வந்தவள், றெக்கைக்கு அடியிலும் வைங்கப்பா என்று நான் சொன்ன இடத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டாள். சிரித்துச் சிரித்து அவளுக்கு விக்கல் வந்துவிட்டது. தண்ணீர் குடித்து அடங்கியதும், தாலிச் சங்கிலியில் மாட்டியிருந்த ஊக்குகளில் பெரிதாக ஒன்றைக் கழற்றிக் கொடுத்தாள். "காலையில போயி மொதல்ல தோண்டுங்க" என்றாள்.

விடிந்ததும் போய்த் தோண்டினேன். மேலே உடைந்தது கொஞ்சம்தான், உள்ளே ஒரு அடைப்பான் மாதிரி இறுகிப்போயிருந்தது. கடைசித் துணுக்கு விழுந்ததும் குழாய் தானாகவே ஒரு மூச்சு இழுத்துக்கொண்டது. ஓட்டிப் பார்த்துவிடலாம் என்று நினைப்பதற்குள் வாசலில் கார் சத்தம் கேட்டது. ஆய்வுக்காரர்கள் சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டார்கள்.

இரண்டு பேர். ஒருவர் இளைஞர். இன்னொருவர் பெரியவர், பல வருடம் ஹாங்கரில், அதாவது விமானங்களைப் பழுது பார்க்கும் கொட்டகையில், வேலை பார்த்துத் தலைமைப் பொறுப்புவரை போய் வந்தவர் என்று சொன்னார்கள். அதிகம் பேசவில்லை. "முழு வேகம் வச்சு, நான் கை காட்டுற வரைக்கும் ஓட்டுங்க" என்றார்.

ஓட்டினேன். முள் சிவப்புக் கோட்டைத் தொட்டது. இனி இருமும் என்று காத்திருந்தேன். எந்த இடத்தில் இருமும் என்று எனக்கு மனப்பாடம். அந்த இடம் வந்தது, போனது. முள் அசையவில்லை. கொட்டகைக்குப் பின்னால் வைக்கோல் பறந்தது. வயலில் நின்ற கொக்குகள் எழும்பிப் போயின. தாளாளர் வேட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். இவ்வளவு நேரம் அந்த எஞ்சின் முழு வேகத்தில் ஓடி நான் கேட்டதே இல்லை. அதன் சத்தம் இப்படித்தான் இருக்கும் என்றே எனக்கு அன்றுதான் தெரிந்தது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. காற்றில் தூசி விழுந்தது என்று சொல்லலாம், ஆனால் கண்ணாடிக் கதவு சாத்தியிருந்தது. பெரியவர் கை காட்டியதை நான் கவனிக்கவே இல்லை. ஒரு மாணவன் சுற்றி வந்து கதவைத் தட்டிய பிறகுதான் நிறுத்தினேன்.

இறங்கியதும் பெரியவர் கேட்டார். "நல்லாத்தான் ஓடுது. ஆனா ரெண்டு வாரமா மக்கர் பண்ணுச்சுன்னு சொன்னாங்களே, என்ன கோளாறு?"

காற்றுக் குழாயில் குளவி கூடு கட்டியிருந்தது என்று சொல்லலாம். புத்தகத்திலேயே உள்ள காரணம்தான், கௌரவமாக இருக்கும். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஆனால் முந்தின நாள் என் மனைவி சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருந்தது, பொய் வரவில்லை.

"டாங்கி காத்துக் குழாயில அடைப்புங்க. சந்தனம். ஆயுத பூசைக்கு வச்சது. வைக்கச் சொன்னது நாந்தாங்க."

தாளாளர் கொட்டகைக் கூரையைப் பார்த்தார். இளைஞர் உதட்டைக் கடித்துக்கொண்டு வேறு பக்கம் திரும்பினார். பெரியவர் மட்டும் சிரிக்கவில்லை. றெக்கைக்கு அடியில் குனிந்து போய் அந்தக் குழாயின் வாயை விரலால் தடவிப் பார்த்தார். நான் பின்னாலேயே போய் நின்றேன். எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி பேசினார்.

"எங்க ஹாங்கர்லயும் வருசா வருசம் பூசை உண்டு. நாங்க உஷாரா ஓட்டை இருக்கிற எடத்துக்கெல்லாம் டேப் ஒட்டிட்டுத்தான் சந்தனம் வைப்போம். ஒரு வருசம் ஒரு டேப்ப எடுக்க மறந்துட்டோம்."

"அப்புறங்க?"

"அது பறக்கிற வண்டி தம்பி. படிக்கிற பையன், தனியா எடுத்துட்டுப் போயிருந்தான். மேல போனதும் எஞ்சின் நின்னுடுச்சு. கரும்புக் கொல்லையில எறக்கினான். உசுரு இருக்கு. ஒரு காலு இல்ல." குழாயிலிருந்து விரலை எடுத்தார். "எல்லாம் சரியா இருக்குன்னு கையெழுத்துப் போட்டு அனுப்புனது நானு."

அவர் நிமிர்ந்து, வெளியே வந்து, பழையபடி உரத்த குரலில் பதிவேடுகளைக் கேட்டார்.

அனுமதி கிடைத்தது. தாளாளர் எல்லாருக்கும் டீயோடு வடையும் சொன்னார். மாமனாரின் உரக்கடை நான் இல்லாமலே நடந்தது. மறுநாள் வகுப்பில் எல்லாவற்றையும் சொன்னேன். சந்தனத்தைச் சொன்னபோது பசங்கள் பெஞ்சைத் தட்டிச் சிரித்தார்கள். நெற்றியை இடித்துக்கொண்டதை நடித்தே காட்டினேன். பிறகு பெரியவர் சொன்னதைச் சொன்னேன். சிரிப்பு நின்றுபோனது. இதில் பாதிப் பேராவது நாளைக்குப் பறக்கிற வண்டிக்குக் கையெழுத்துப் போடப் போகிறவர்கள் என்பது, அப்போதுதான் எனக்கே உறைத்தது.

பின் பெஞ்சிலிருந்து அந்தக் கோட்டுச்சேரிமேட்டுப் பையன் எழுந்தான்.

"அந்தக் குழாயில வச்சது நாந்தான் சார்."

"வைக்கச் சொன்னது நாந்தானப்பா. உக்காரு."

அவன் உட்காரவில்லை. "நம்ம வண்டி பறக்கிற வண்டியா இருந்திருந்தா சார்?"

"பறக்கலப்பா" என்றேன். அவன் நின்றுகொண்டேதான் இருந்தான்.